எட்டு மாதம் பூச்சியம்: கொரோனாவில் நின்ற இலங்கைச் சுற்றுலாவும் போக்குவரத்தும் – திரும்ப ஓடவைத்ததில் எங்கே பிழை நடந்தது?

கணக்கப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

"2020இல் சுற்றுலா விழுந்தது" என்று எல்லோரும் ஒரு வரியில் கடந்துபோகிறோம். மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2020 ஜனவரியில் வந்தவர்கள் 228,434. பெப்ரவரியில் 207,507. மார்ச்சில் 71,370. ஏப்ரல் தொடங்கி நவம்பர் முடியப் பூச்சியம். குறைந்தது என்ற பேச்சே இல்லை, ஓர் ஆள்கூட இல்லை. டிசம்பரில் 393 பேர். ஆண்டு மொத்தம் 507,704.

அடுத்த ஆண்டு 2021இல் 194,495. ஆண்டுத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு 2020 பரவாயில்லை, 2021தான் மோசம் என்று தோன்றும். உண்மையில் 2020இல் நாடு திறந்திருந்தது இரண்டரை மாதம். 2021இல் ஜனவரி 21இலிருந்து திறந்துதான் கிடந்தது, இடையில் மே மாதக் கடைசிப் பத்து நாளைத் தவிர. திறந்த கதவால் ஆள் வரவில்லை என்பதே 2021இன் கதை. ஒப்பிட: 2018இல் 2,333,796 பேர். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த 2019இலும் 1,913,702 பேர் வந்தார்கள். வருமானம் 2018இல் ஏறத்தாழ 438 கோடி டொலர், 2019இல் 361 கோடி, 2020இல் 68 கோடி, 2021இல் 51 கோடி.

என் வாதம் இதுதான். மூடியதால் வந்த நட்டத்தை எல்லோரும் எண்ணினார்கள். நின்றுபோனதைத் திரும்ப ஓடவைக்க என்ன செலவாகும் என்பதை யாரும் எண்ணவில்லை. வாகனம், ஹோட்டல், விமானம், பஸ், ரயில், கடன் என்று அவரவர் அறிந்த பகுதியை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எது பழுதாகும், ஏன், எப்படித் தவிர்க்கலாம் என்று மட்டும்.

---

டீசல்மணம்

வானிலிருந்து தொடங்கிறன். சுற்றுலாவில ஓடுறது பெரும்பாலும் டொயோட்டா கே.டி.எச். வான், கோஸ்டர், ரோசா எண்ட சின்ன பஸ்கள். 2020 மார்ச்சில நிப்பாட்டினதுகளில கனக்க, திரும்ப எடுக்கேக்க கராஜுக்குப் போனபிறகுதான் றோட்டுக்கு வந்தது. காரணம் ஓடாமல் நிண்டதில்லை, நிப்பாட்டின விதம்.

முதல் பிழை கைப்பிரேக். இழுத்துவிட்டு மாசக்கணக்கில விட்டால் பின்சில்லுப் பிரேக் சூ டிரம்மோட ஒட்டிப்போகும். கரையோரக் காத்தெண்டால் இரண்டு மாசமே காணும். கைப்பிரேக்கை விட்டுட்டு, கியரில போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேணும்.

இரண்டாவது, தினமும் அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டிறது. நல்லது செய்யிறம் எண்டு நினைச்சுச் செய்யிற கெடுதி இது. ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டை அஞ்சு நிமிசத்தில ஓல்டர்னேட்டர் திருப்பிக் குடுக்காது, பற்றறி நாளுக்கு நாள் இறங்கும். எஞ்சின் சூடேறாததால சைலன்சருக்குள்ள தண்ணி நிக்கும், ஒயிலுக்குள்ள எரியாத டீசல் கலக்கும். கிழமைக்கு ஒருக்கா, குறைஞ்சது இருபது நிமிசம், ஏலுமெண்டால் வளவுக்குள்ளயாவது முன்னுக்குப் பின்னுக்கு உருட்டி ஓடவேணும். அந்த நேரம் ஏசியையும் பத்து நிமிசம் போடவேணும். கம்ப்ரசர் சீலுக்கு எண்ணெய் போறது கேஸோட சேர்ந்துதான். ஓடாட்டிச் சீல் காய்ஞ்சு கேஸ் கசியும். 2021இல ஏசி வேலை செய்யாத வான்களின்ர கதை பாதி இதுதான்.

டாங்கை நிரப்பி வைக்கவேணும். அரைவாசி வெறுமையெண்டால் இரவுக் குளிரில உள்சுவரில வேர்த்து, தண்ணி அடியில சேரும். தண்ணியும் டீசலும் சேர்ற இடத்தில பாசி மாதிரி ஒண்டு வளர்ந்து பில்டரை அடைக்கும். ஆனால் உழைப்பில்லாத நேரத்தில எழுபது லீற்றர் டீசல் அடிச்சு வைக்க ஆரிட்டக் காசிருந்தது எண்டது வேற கேள்வி.

எலியை மறந்திடாதேங்கோ. வயர் கடிச்ச வான் ஒண்டின்ர ஹார்னஸ் மாத்திற காசுக்கு நாலு ரயர் போடலாம்.

---

காவிரிக்கரை

திருச்சியிலிருந்து எழுதுறேன். பேட்டரி டெர்மினலைக் கழட்டி வச்சா போதாதா? எதுக்கு வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணணும்?

---

டீசல்மணம்

ஒரு மாசத்துக்கெண்டால் நெகட்டிவ் முனையைக் கழட்டினால் காணும். ஆனா எட்டு மாசமெண்டால் பற்றறி தன்ர பாட்டில இறங்கும். 12.4 வோல்ட்டுக்குக் கீழ போனால் சார்ஜ் போடவேணும். 12க்குக் கீழ கனநாள் கிடந்தால் தகட்டில உப்புப் படிஞ்சு பழையபடி வராது. பற்றறியைக் காப்பாத்தினாலும் சீலும் பிரேக்கும் ரயரும் ஓடாமல் காப்பாத்தேலாது. ரயருக்கு வழக்கத்தை விட அஞ்சு பத்து பி.எஸ்.ஐ. கூடுதலாக் காத்தடிச்சு, மாசம் ஒருக்கா ஒரு கால் சுத்து உருட்டி வைக்கலாம், ஒரே இடம் தட்டையாகாமல் இருக்க.

---

கரைவலை

ஹோட்டல் பக்கம். பெந்தோட்டை, ஹிக்கடுவை, நீர்கொழும்பு என்று மணலுக்கு மேல் கட்டிய இடங்களில் முதல் அவசரம் நீச்சல் குளம். செலவு மிச்சம் என்று தண்ணீரை இறைத்துவிடுபவர்கள் உண்டு. கடற்கரையில் நிலத்தடி நீர் ஒன்றரை, இரண்டு மீற்றரிலேயே நிற்கும். மழைக்கு அது ஏறும்போது வெறும் தொட்டி வள்ளம்போல மிதக்கப் பார்க்கும். கொங்கிறீற்று வெடிக்கும், குழாய் இணைப்புகள் கழன்றுபோகும். குளத்தை நிரப்பியே வைத்து, பம்பை நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஓட்டி, பி.எச். 7.2க்கும் 7.6க்கும் இடையில், குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைத்திருக்கவேண்டும். அதற்குக்கூட ஆளில்லையென்றால் மட்டம் குறையாமல் விட்டுப் பச்சையாகிக் கிடக்கட்டும், நுளம்புக்கு மட்டும் மருந்து போடுங்கள். பச்சைத் தண்ணீரைத் திரும்ப வெளுக்கவைக்க ஒரு கிழமை போதும். வெடித்த தொட்டிக்கு அது போதாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அறைக் குழாய்களில். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில், 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில், லெஜியனெல்லா என்ற பக்டீரியா வளரும். ஷவரைத் திறந்ததும் தூவலோடு நுரையீரலுக்குப் போகும். நம் நாட்டில் "குளிர்த் தண்ணீர்க்" குழாயே பகலில் 30 பாகையில்தான் இருக்கிறது. எனவே மூடிய காலம் முழுக்க ஒவ்வொரு அறையிலும் எல்லாக் குழாயையும் கிழமைக்கு ஒருமுறை சில நிமிடங்கள் திறந்துவிடவேண்டும். சுடுநீர்த் தாங்கியில் 60 பாகை, குழாய் வாயில் 50 பாகை வரவேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருந்தால், திறக்குமுன் ஷவர்த் தலைகளைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவு நீக்கி, தாங்கியிலிருந்து கடைசி அறை வரை குளோரின் ஏற்றிக் கழுவவேண்டும். 80 அறை ஹோட்டல் ஒன்றுக்கு இது நாலைந்து ஆளின் மூன்று நாள் வேலை. 2021இல் திறக்கும்போது எல்லோரும் கதவுக் கைப்பிடிக்குக் கிருமிநாசினி தெளித்துக்கொண்டிருந்தார்கள், குழாயை நினைத்தவர் குறைவு.

ஏசி, மெத்தை, திரைச்சீலை மூன்றுக்கும் ஒரே எதிரி பூஞ்சணம். அறையை இறுக்க மூடிவைத்தால் மூன்று மாதத்தில் வாடை ஏறும். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, குளியலறைக் கதவையும் அலுமாரிக் கதவையும் திறந்துவைப்பது காசில்லாத வைத்தியம். குளிர்ப்பெட்டியை நிறுத்தினால் கதவை ஒரு துணி வைத்துச் சற்றே திறந்து வைக்கவேண்டும். மூடிய பெட்டியின் ரப்பரில் கறுப்புப் பிடித்தால் ரப்பரை மாற்றித்தான் தீரவேண்டும்.

---

காவிரிக்கரை

நல்ல விவரம். இப்ப என் முக்கியமான கேள்வி. 2021 ஜனவரியில திறந்தாங்க. ஆனா அந்த மாசம் வந்தது எத்தனை பேர்? உலகம் முழுக்க மூடியிருந்ததால வரலையா, இல்ல இலங்கை வச்ச விதியாலயா?

---

கணக்கப்பிள்ளை

ஜனவரி 1,682, பெப்ரவரி 3,366, மார்ச் 4,581, ஏப்ரல் 4,168. மூன்றாம் அலை வந்த மேயில் 1,497. இரண்டு காரணமும் உண்டு, ஆனால் விதியின் பங்கைக் குறைத்துச் சொல்லமுடியாது.

முதலில் ஒத்திகை நடந்தது. 2020 டிசம்பர் 28இல் உக்ரைனிலிருந்து வாடகை விமானம் தெற்கே மத்தள விமான நிலையத்தில் இறங்கியது. மேலே சொன்ன 393க்குள் உக்ரைனியர்கள்தான் பெரும்பங்கு. பிறகு எல்லோருக்கும் வந்த முறை "உயிர்க்குமிழி". பயணி புறப்படுமுன் 96 மணித்தியாலத்துக்குள் பி.சி.ஆர். எடுக்கவேண்டும். இங்கே எடுக்கும் ஒவ்வொரு பி.சி.ஆருக்கும் 40 டொலரும், 50,000 டொலர் வரை ஈடு தரும் காப்புறுதிக்கு 12 டொலரும் முன்கூட்டியே கட்டவேண்டும். வந்ததும் ஒரு சோதனை, ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் இன்னொன்று, அதற்கு மேல் தங்கினால் மூன்றாவது. முதல் 14 நாள் சான்றிதழ் பெற்ற முதல்நிலை ஹோட்டல்களில் மட்டுமே தங்கலாம். அனுமதித்த இடங்களை மட்டும், குறித்த நேரத்தில், பதிவுபெற்ற முகவரின் வாகனத்தில் போய்ப் பார்க்கலாம்.

காசு பெரிய தடையில்லை. தங்கும் நாளைக் கவனியுங்கள். 2019இல் ஒரு வெளிநாட்டவர் சராசரியாகத் தங்கியது 10.4 இரவு. குமிழி 14 நாள். அதாவது சராசரிப் பயணி குமிழிக்குள் வந்து, குமிழிக்குள்ளேயே இருந்து, குமிழியோடு போய்விடுவார். எல்லவில் இரண்டு அறை வாடகைக்கு விடும் வீட்டுக்கும், மிரிசையில் சோறு விற்பவருக்கும், முச்சக்கரவண்டிக்காரருக்கும் அவரால் ஒரு சதம் வராது. "நாடு திறந்துவிட்டது" என்ற செய்தி பெரிய ஹோட்டலுக்கு மட்டுமே உண்மை.

---

நேர்கோடு

இதை ஏற்கமுடியாது. குமிழி இல்லாமல் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நாட்டில் முதல் உள்ளூர்த் தொற்றாளர் யார் என்று நினைவிருக்கிறதா? 2020 மார்ச்சில், இத்தாலியப் பயணிகளோடு திரிந்த சுற்றுலா வழிகாட்டி. முன்வரிசையில் நின்று முதலில் தொற்று வாங்குபவரும் இந்தத் துறைக்காரர்தான். 2021 ஜனவரி 21இல் திறந்தபோது இங்கே தடுப்பூசியும் தொடங்கியிருக்கவில்லை.

---

கணக்கப்பிள்ளை

குமிழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குமிழிக்குள் சிறியவர்களைச் சேர்க்க வழி இருந்தது என்கிறேன். சான்றிதழ் விதியில் தனி வாசல், தனி உணவுக்கூடம், தனிமைப்படுத்தத் தனி அறை என்று வந்ததும், நாலு அறை வீடு போட்டியிலேயே இல்லை. ஒரு வீடு முழுவதையும் ஒரே குடும்பத்துக்கு விடுவது நூறு அறை ஹோட்டலை விடத் தொற்றுக்குப் பாதுகாப்பானது. விதி எழுதியவர் கண்முன் ஹோட்டல் மட்டும் இருந்திருக்கிறது.

நிவாரணமும் அதே வழியில்தான் போனது. பதிவுபெற்ற வழிகாட்டிக்கு ஒரு முறை 20,000 ரூபாய், பதிவுபெற்ற சுற்றுலாச் சாரதிக்கு 15,000. பதிவில்லாதவருக்கு அதுவுமில்லை.

ஒக்டோபரில் இரண்டு ஊசி போட்டவருக்கு வந்திறங்கியதும் எடுக்கும் சோதனை நீங்கியது. செப்டெம்பரில் 13,547 ஆக இருந்த வரவு ஒக்டோபரில் 22,771, நவம்பரில் 44,294, டிசம்பரில் 89,506 என்று ஏறியது. பருவகாலமும் சேர்ந்ததுதான். ஆனாலும் மாதத்துக்கு மாதம் ஏறத்தாழ இரட்டிப்பதைப் பருவம் மட்டும் செய்யாது.

---

ஓடுபாதை

விமானப் பக்கத்திலிருந்து. பயணி விமானத்தை நிறுத்துவதென்றால் சில்லுக்குக் கட்டை வைத்து மூடுவதல்ல. எஞ்சின் வாயும் வாலும் மூடி, உள்ளே ஈரமுறிஞ்சிப் பைகள் தொங்கவிட்டு, ஈரக்காட்டி அட்டையைக் கண்ணாடித் துளை வழியே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். வேகமளக்கும் பிட்டோ குழாய், நிலையழுத்தத் துளை எல்லாவற்றுக்கும் உறை. சில்லுகளை ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை சுற்றி வைக்கவேண்டும். எரிபொருள் தாங்கியின் அடித்துளையால் தண்ணீரை வடிக்கவேண்டும். டீசல்மணம் வானுக்குச் சொன்ன அதே பாசி விமானத் தாங்கியிலும் வளரும், அங்கே கிருமிகொல்லி கலப்பார்கள்.

கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் நீர்கொழும்புக் களப்பின் ஓரத்தில் இருக்கிறது. உப்பும் ஈரமும். உலக நிறுவனங்கள் விமானங்களை ஆஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ், ஸ்பெயினின் தெருவேல் போன்ற வறண்ட இடங்களுக்கு அனுப்பியது இதற்காகத்தான். சிங்கப்பூர்க்காரரும் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பினார்கள். கடலோரத்தில் வைத்தால் அதே வேலையை இன்னும் அடிக்கடி செய்யவேண்டும்.

எழுப்பும்போது வரும் பிழைகளில் மோசமானது பிட்டோ. உறை சரியாக இறுகாவிட்டால் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது ஒரு மானி ஒன்று சொல்லும், மற்றது வேறு சொல்லும். நிறுத்திவைத்த விமானங்களில் இது கூடிவருகிறது என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2020 ஓகஸ்டில் எச்சரிக்கையே விட்டது.

அடுத்தது ஆள். விமானி 90 நாளுக்குள் மூன்று முறை ஏற்றி மூன்று முறை இறக்கியிருக்கவேண்டும். தவறினால் பயணிகளோடு பறக்கமுன் பாவனைக்கூடத்தில் (சிமுலேட்டரில்) அதைச் செய்து முடிக்கவேண்டும். நூற்றுக்கணக்கான விமானிக்கும் ஒரே நேரத்தில் 90 நாள் முடிகிறது, கூடமோ ஒன்றிரண்டு. ஆகவே நிறுத்தியிருக்கும் காலத்திலேயே ஆட்களைப் பிரித்து, இருக்கிற சரக்குப் பறப்பில் மாறி மாறி ஏற்றி, ஒரு பகுதியினரையாவது 90 நாளுக்குள் வைத்திருப்பதுதான் கெட்டித்தனம்.

சரக்கு என்றதும் ஒன்று. உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி பயணி விமானத்தின் வயிற்றில்தான் போய்வந்தது. பயணி இல்லையென்றதும் அந்த இடமும் இல்லாமல் போனது. சூறை மீன், மரக்கறி, அவசரத் தைத்த ஆடை இவற்றுக்குக் கட்டணம் ஏறியது. ஆசனங்களில் பெட்டி கட்டி அனுப்பினார்கள். அதற்கும் ஆசனத்துக்கு இவ்வளவு நிறை என்று வரம்பு, மேலே வலை, பெட்டிக்கு இடையில் தீயணைப்பான் பிடிக்கும் ஆளுக்கு வழி. கையால் ஏற்றி இறக்கவேண்டியதால், கொள்கலமாக ஏற்றும்போது ஒரு மணித்தியாலம் எடுத்த வேலை நாலைந்து மணித்தியாலம் இழுக்கும்.

---

தண்டவாளம்

ரயிலைப் பற்றி ஒருவரும் தொடவில்லை. ஓடாத தண்டவாளத்தின் தலை துருப்பிடிக்கும். பார்ப்பதற்கு மெல்லிய சிவப்பு, ஒரு கைவிரலால் துடைத்தால் போகும். ஆனால் தண்டவாள மின்சுற்றால் சிக்னல் இயங்கும் பகுதியில் அந்தத் துருவே ஆபத்து. ரயிலின் சில்லும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் மின்னால் இணைப்பதை வைத்துத்தான் "இங்கே வண்டி நிற்கிறது" என்று சிக்னல் அறிகிறது. துரு நடுவில் காப்புப்போல நின்றால் வண்டி நிற்கும் பாதையை வெறும்பாதை என்று காட்டும். அதனால் நீண்ட ஊரடங்குக்குப் பிறகு முதல் வண்டியைப் பயணி வண்டியாக விடக்கூடாது. பாரமான எஞ்சினை மெதுவாக இரண்டு மூன்று முறை ஓட்டித் தலையைத் துலக்கி, ஒவ்வொரு பகுதியும் சிக்னல் பலகையில் தெரிகிறதா என்று பார்த்தபிறகே அட்டவணை.

டீசல் எஞ்சினிலும் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் நின்றதை நேரே தொடக்கக்கூடாது. உருளைகளின் சோதனை வால்வுகளைத் திறந்து, கையால் சுற்றி, உருளைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தண்ணீர் அமுங்காது. நின்றிருந்தால் கனெக்டிங் றொட்தான் வளையும். பிறகு ஒயில் பம்பை ஓடவிட்டு எண்ணெய் மேலே ஏறியபின் தொடக்கவேண்டும்.

மலையகப் பாதைக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். நானு ஓயா, எல்ல, பதுளைப் பக்கம் ஒரு மழைக்காலம் ஆள் நடக்காவிட்டால் பக்கக் கால்வாய்கள் மண்ணால் மூடும். மண்சரிவு பெரும்பாலும் அடைபட்ட கால்வாயிலிருந்துதான் தொடங்கும். ரயில் நின்றாலும் பாதைக் காவலர் நடை நிற்கக்கூடாது.

பஸ்: 54 ஆசனம், நெரிசலில் இன்னும் 25 பேர் நின்றால் 79 ரிக்கெற். ஆசன அளவுக்கு மட்டும் ஏற்று என்றால் 54, வருமானம் மூன்றில் ஒன்று போயிற்று. இருவர் ஆசனத்துக்கு ஒருவர் என்று 27 பேரோடு போனால் மூன்றில் ஒன்றுதான் மிச்சம். டீசலோ அதே டீசல், லீற்றருக்கு நாலு கிலோமீற்றர். சாரதியும் நடத்துனரும் நாள்கூலி. உரிமையாளர் வண்டியை வீட்டில் விடுவதே லாபம் என்று கணக்குப் பார்த்தது இதனால்தான். பிடிவாதம் என்று திட்டினார்கள், கணக்கைப் பார்க்கவில்லை.

2021 மேயிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை, இடையில் சிறு தளர்வைத் தவிர, மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை. பலன்: பஸ் எல்லை வரை வரும், சனம் இறங்கிப் பாலத்தைக் கடந்து நடந்து போகும், அந்தப் பக்கம் இன்னொரு பஸ் நிற்கும். ஒரு பஸ்ஸில் ஒட்டவேண்டிய தொற்று இரண்டு பஸ்ஸில் ஒட்டியது, அவ்வளவுதான்.

---

நேர்கோடு

இவ்வளவும் சரி. ஆனால் 2022இல் துறையைக் கொன்றது கொரோனா இல்லை, டொலரும் டீசலும். கணக்கப்பிள்ளையின் எண்ணே அதைச் சொல்லும்: 2022 மார்ச்சில் 106,500 பேர் வந்துவிட்டார்கள். ஏப்ரலில் 62,980. மேயில் 30,207. நோய் திரும்பி வரவில்லையே?

---

கணக்கப்பிள்ளை

எண் சரி. பிரித்துப் பார்க்கிற இடத்தில்தான் வேறுபடுகிறேன். டொலர் கையிருப்பு 2019 முடிவில் 760 கோடி. 2021 முடிவில் 310 கோடி. ஆண்டுக்கு 350 கோடிக்கு மேல் கொண்டுவந்த துறை இரண்டு ஆண்டில் மொத்தமாகவே 120 கோடிதான் கொண்டுவந்தது. 2019 கடைசியில் வரியைக் குறைத்தது, உரத் தடை, ரூபாயைப் பிடித்துவைத்தது எல்லாம் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கையிருப்புக் கரைந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை சுற்றுலாதான். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள். அது நோயின் இரண்டாம் தவணை.

பஸ்ஸுக்கு லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் என்று "தண்டவாளம்" எழுதிய கணக்கையே நீட்டுவோம். கொழும்பு–யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர், 100 லீற்றர். 2022 மே 24இல் டீசல் 400 ரூபாய். ஒரு வழிக்கு 40,000 ரூபாய். ஆகக்குறைந்த பஸ் கட்டணம் மார்ச்சில் 20 ரூபாய், ஜூலையில் 40. ஜூலையில் வந்த கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறையில் பஸ்ஸுக்குக் கிழமைக்கு 40 லீற்றர், வானுக்கு 20, முச்சக்கரவண்டிக்கு 5. நாற்பது லீற்றரில் பஸ் 160 கிலோமீற்றர் போகும். அதனால்தான் வழித்தடப் பஸ்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) டிப்போவில் தனியாக அடிக்க விட்டார்கள். சுற்றுலா வானுக்கு 20 லீற்றர் என்றால் கண்டி போய்த் திரும்பலாம், எல்ல போய்த் திரும்பமுடியாது.

இனிக் கடன், இதைத்தான் நான் எழுதக் காத்திருந்தேன். மத்திய வங்கி தந்த தவணைச் சலுகை சுற்றுலாத்துறைக்கு நீட்டி நீட்டி 2022 ஜூன் 30 வரை வந்தது. "கட்டவேண்டாம்" என்று பலர் கேட்டார்கள். சொன்னது "இப்போது கட்டவேண்டாம்". ஓர் எடுத்துக்காட்டுக்கு: வானுக்கு 35 இலட்சம் மீதி, ஆண்டு வட்டி 12 வீதம், 27 மாதம். தனிவட்டியாகப் போட்டாலே 9.45 இலட்சம். அது மீதியோடு சேர்ந்து புதிய தவணையாக நிற்கும் நாள் 2022 ஜூலை, டீசலே இல்லாத மாதம். சலுகையில் கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய கேள்வி மூன்று: வட்டி தொடர்ந்து ஏறுமா, ஏறினால் எந்த வீதத்தில், ஏறிய வட்டிக்கு மேல் வட்டி உண்டா. முடிந்தவர்கள் சலுகைக்காலத்தில் வட்டியை மட்டுமாவது கட்டியது புத்தி.

---

டீசல்மணம்

அதோட சேர்த்து, வாகன இறக்குமதி 2020 மார்ச்சில நிண்டது, காருக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அதால கே.டி.எச். விலை இறங்காமல் ஏறினது. தவணை கட்டேலாத ஆக்கள் வித்துப்போட்டு வெளிக்கிட்டாச்சு. ஆள் திரும்பி வந்தாலும் அந்த விலைக்கு வான் வாங்கேலாது. வான் ஒரு கொம்பனியின்ர கையில, பழைய சொந்தக்காரன் அதில சாரதி. இது புள்ளிவிவரத்தில வராது.

---

கரைவலை

வேலைக்கு ஆள் திரும்பி வராததும்தான். 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். சமையல்காரரும் பரிமாறுபவரும் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஒரு சமையல்காரரை உதவியாளராக எடுத்துத் தனியே ஒரு பகுதியைப் பார்க்கவிட மூன்று நாலு ஆண்டு. 2023இல் 1,487,303 பேர் வந்தபோது அறை இருந்தது, கை இருக்கவில்லை. காலை உணவுக்கு வரிசை நின்ற இடங்களின் காரணம் அதுதான்.

---

காவிரிக்கரை

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. சென்னை–பலாலி (யாழ்ப்பாணம்) விமானம் கொரோனாவுல நின்னு அவ்வளவு வருஷம் வரவே இல்லையே, கட்டுநாயக்க 2021லயே திறந்துட்டாங்களே?

---

ஓடுபாதை

பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்தது 2019 ஒக்டோபர் 17. சென்னைப் பறப்பு நவம்பர் 11இல் தொடங்கியது. நாலு மாதம் ஓடி 2020 மார்ச்சில் நின்றது. திரும்பியது 2022 டிசம்பர் 12. நாலு மாத ஓட்டத்துக்கு முப்பத்திரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தம்.

சிறிய நிலையம் முதலில் நிற்பதும் கடைசியில் எழும்புவதும் இயல்பு. அப்போது வாரத்துக்கு மூன்று ஏ.டி.ஆர். விமானம், ஒன்றில் ஏறத்தாழ 70 ஆசனம். அந்த மூன்று வருகைக்கும் குடிவரவு, சுங்கம், பாதுகாப்பு, தீயணைப்பு வண்டி, சுகாதாரப் பரிசோதனை எல்லாம் முழுதாக நிற்கவேண்டும். நாளுக்கு நூறு விமானம் இறங்கும் இடத்தில் அந்தச் செலவு பரவும். பி.சி.ஆர். காலத்தில் அதற்கு மேல் ஆய்வுகூடமும் வேண்டும். பயணி எண்ணிக்கை நிலைப்படுமுன் நின்ற வழித்தடத்துக்கு, எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று காட்டப் பழைய கணக்கும் இல்லை. விமான நிறுவனம் கேட்கும் முதல் கடதாசியே அதுதான்.

---

காவிரிக்கரை

நன்றி. கடைசியா டீசல்மணம் அண்ணனுக்கு: ரொம்ப நாள் நின்ன வேனை வாங்கினா முதல்ல எதைப் பார்க்கணும்?

---

டீசல்மணம்

ரயர் பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், தம்பி. 3519 எண்டால் 2019ஆம் ஆண்டு 35ஆம் கிழமை செய்தது. பூ முழுக்க இருக்கு, ஓட்டமே இல்லை எண்டு விப்பினம். ஆறு வருசம் தாண்டினால் பூ இருந்தாலும் நம்பேலாது, பக்கச்சுவரில நகத்தால அழுத்திப் பாத்து மெல்லிய வெடிப்புத் தெரிஞ்சால் அஞ்சையும் மாத்திற காசை விலையில கழியுங்கோ. ஸ்பெயார் வீலையும் சேர்த்துத்தான் அஞ்சு, அதை ஒருத்தரும் இறக்கிப் பாக்கிறேல்லை. பிறகு டீசல் பில்டர் அடியில இருக்கிற திருகாணியைக் கழட்டி ஒரு கண்ணாடிக் கிளாசில பிடியுங்கோ. அஞ்சு நிமிசம் வையுங்கோ. அடியில தண்ணி கோடு போட்டு நிண்டால், இன்ஜெக்டரைச் சோதிக்காமல் முற்பணம் குடுக்காதேங்கோ.